குழந்தைக்கு மூளையுறை அழற்சி: எந்த விவாதம் காத்திருக்கும், எது காத்திருக்காது

காய்ச்சலோடு வலிப்பு வந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ கிளினிக் வாசலுக்கு ஓடிவருகிறவர்கள் ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்றுதான் சொல்வார்கள். பாட்டியும் உடன் வந்திருந்தால் ‘மாந்தம்’ என்பார். தானாகத் தணியும் சாதாரணக் காய்ச்சல் வலிப்பும் அந்தச் சொற்களுக்குள் அடங்கும், பாக்டீரியாவால் வரும் மூளையுறை அழற்சியும் (மெனிஞ்சைடிஸ்) அடங்கும். அப்படி வரும் குழந்தையை முதலில் பார்க்க நேர்கிற கிளினிக் மருத்துவர்களையும், சிறிய மருத்துவமனைகளில் இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர்களையும் மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். தம் குழந்தைக்கு ஒன்றை ஏன் செய்தார்கள், இன்னொன்றை ஏன் செய்யவில்லை என்று அறிய விரும்பும் பெற்றோரும் இதைப் படிக்கலாம். ஆனால் இதிலுள்ள அளவுகள் எல்லாம் மருத்துவர் கையில் இருக்க வேண்டியவை.

இந்நோய்க்கான சிகிச்சையில் ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் ஒரு சர்ச்சை உண்டு. ஸ்டீராய்டு கொடுப்பதா, ஸ்கேன் எடுத்த பிறகுதான் முதுகுத்தண்டு நீரை எடுக்க முதுகில் ஊசி போடுவதா, ஒரு ஆன்டிபயாடிக் போதுமா, டிரிப்ஸைக் குறைப்பதா, எத்தனை நாளில் நிறுத்துவது என்று கேள்விகள் நீளும். ஆய்வுக் கட்டுரைகளில் இவை அனைத்தும் ஒரே எடையோடு வந்து நிற்கின்றன. குழந்தையின் படுக்கையருகே நிற்பவருக்கோ, இவற்றில் சில பத்து நிமிடத்துக்குள் முடிவு கேட்பவை, சில மூன்றாம் நாள் வரை பொறுக்கக்கூடியவை. ஆகவே கடிகாரம் போகிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதற்படி: சந்தேகம்

ஐந்து வயதுக் குழந்தையிடம் காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு ஆகியவற்றைக் கண்டுபிடிப்பது கடினமன்று. கைக்குழந்தையிடம் கழுத்து விறைக்காமலே இந்நோய் முற்றிவிடும். அங்கே பார்க்க வேண்டியவை பால் குடிக்க மறுப்பது, முனகல், வெறித்த பார்வை ஆகியவை. எல்லாவற்றுக்கும் மேலாக, தாய் தூக்கியதும் அடங்க வேண்டிய அழுகை தூக்கியதும் கூடுவது. உச்சிக்குழியைத் தொட்டுப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. படுத்திருக்கும்போதும் அழும்போதும் நல்ல குழந்தைக்கும் அது புடைத்து நிற்கலாம். தாயின் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, அழுகை ஓய்ந்த கணத்தில் இரு விரல் நுனிகளை அதன் மேல் மெல்ல ஓட்ட வேண்டும். அப்போதும் மேடாக, இழுத்துக் கட்டிய தோல் போலத் தெரிந்தால் அது கணக்கில் வரும்.

மெனிங்கோகாக்கஸ் கிருமியால் வரும் ஊதாப் புள்ளிகள் நம் குழந்தைகளின் கருத்த தோலில் எளிதில் கண்ணுக்குப் படாதவை. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், மேலண்ணம் ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

முதல் சர்ச்சை இங்கேயே தொடங்குகிறது. காய்ச்சல் வலிப்பு வந்த எல்லாக் குழந்தைகளுக்கும் முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டுமா? ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தை என்றால் அதைப் பெரிதும் கருத வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 1996இல் சொல்லியிருந்தது. 2011இல் அது தளர்ந்தது: மூளையுறை அழற்சியின் அறிகுறி இருந்தால் கட்டாயம் எடுக்க வேண்டும், 6 முதல் 12 மாதக் குழந்தைக்கு, இந்நோயை உண்டாக்கும் ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி), நிமோகாக்கஸ் ஆகிய பாக்டீரியாக்களுக்கான தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்படவில்லை அல்லது தெரியவில்லை என்றாலும், முன்பே ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டிருந்தாலும் எடுப்பதைக் கருதலாம். தமிழ்நாட்டில் ஹிப் கிருமிக்கு எதிரான மருந்து அடங்கிய ஐந்து-நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021இல்தான் வந்தது. ஆகவே தடுப்பூசி அட்டையை நேரில் பார்க்காமல் இந்தத் தளர்வை நாம் எடுத்துக்கொள்ள முடியாது. ‘எல்லா ஊசியும் போட்டாச்சு டாக்டர்’ என்று தாய் சொல்வார். அட்டை பிரசவத்துக்குப் போன அம்மா வீட்டில் இருக்கும். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும் நிமோகாக்கஸ் ஊசிக்கான கட்டங்களில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

‘முன்பே ஆன்டிபயாடிக்’ என்ற நிபந்தனையோ வடசென்னையில் விதிவிலக்கு அன்று. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சிரப் இரண்டு நாள் உள்ளே போன பிறகே பெரும்பாலான குழந்தைகள் என்னிடம் வருகின்றன. அந்தச் சிரப் நோயைக் குணமாக்காது, தடயத்தை மட்டும் கலைத்துவிடும். பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிப் பெயரைக் குறித்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: முதல் ஒரு மணி நேரம்

மூச்சுப்பாதை, இரத்த ஓட்டம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைக் கவனித்த பிறகு, இரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துக் கண்டறியும் பரிசோதனை) எடுத்து ஆன்டிபயாடிக்கைப் போட வேண்டும். முதுகுத்தண்டு நீரை உடனே எடுக்க முடிந்தால் அதற்கு முன்பே எடுத்துவிடலாம். முடியாது என்றால் மருந்து அதற்காகக் காத்திருக்கக் கூடாது. இதில் அறிஞர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனாலும் நடைமுறையில் அதிகம் தவறுகிற இடம் இதுதான், அதற்குக் காரணம் பெரும்பாலும் சி.டி. ஸ்கேன்.

ஸ்கேன் எடுக்காமல் முதுகில் ஊசி போட்டால், தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கும் குழந்தைக்கு மூளை கீழிறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் ஸ்கேன் இயல்பாக இருப்பதால் அழுத்தம் இல்லை என்று ஆகிவிடாது. ஊசியைத் தள்ளிப்போட வேண்டிய குழந்தையைப் பரிசோதனையே காட்டிவிடும்: ஆழ்ந்த மயக்கம் அல்லது கண்ணெதிரே குறைந்துகொண்டு வரும் நினைவு, சமமற்ற கண்மணிகள், ஒரு பக்கக் கை கால் செயலிழப்பு, நிற்காத வலிப்பு, இரத்த ஓட்டம் குலைந்த அதிர்ச்சி நிலை (ஷாக்), மூச்சுத் திணறல், இரத்தம் உறையாமை, ஊசி போடும் இடத்தில் தோல் புண். இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்தைத் தொடங்கிவிட்டு ஊசியைத் தள்ளிப்போடலாம். எதுவும் இல்லை என்றால் ஸ்கேனே தேவையில்லை.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் இரவுப் பணியில் இருந்தபோது இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வந்தது. ‘ஸ்கேன் பார்த்துவிட்டு ஊசி, ஊசி போட்டுவிட்டு மருந்து’ என்ற வரிசை என் தலைக்குள் அப்படியே பதிந்திருந்தது. ஸ்கேன் எடுப்பவர் வீட்டிலிருந்து வந்து சேர விடியற்காலை ஆயிற்று. படம் இயல்பாக இருந்தது. முதல் ஆன்டிபயாடிக் குழந்தைக்குள் போனபோது ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கடந்திருந்தது. அந்தக் குழந்தையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதாக இருந்தாலும், அது ஸ்டான்லியாக இருந்தாலும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையாக இருந்தாலும், முதல் டோஸைப் போட்டுவிட்டே 108இல் ஏற்றுங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நரம்பு கிடைக்கவில்லை என்றால் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடைத் தசையிலேயே போடலாம். அளவு கிலோவுக்கு 100 மில்லிகிராம், நாளொன்றுக்கு 4 கிராமுக்கு மிகாமல். 12 கிலோ குழந்தைக்கு 1200 மில்லிகிராம் வேண்டும். வயலில் (மருந்துக் குப்பியில்) இருப்பது ஒரு கிராம். ‘ஒரு வயல் போட்டாயிற்று’ என்று நிறுத்திவிடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். இரண்டாவது வயலை உடைக்கத் தயங்கக் கூடாது. மருந்தின் பெயர், அளவு, போட்ட நேரம் மூன்றையும் பரிந்துரைக் கடிதத்தில் எழுதுங்கள். ‘ஊசி போடப்பட்டது’ என்ற ஒற்றை வரி அடுத்த மருத்துவருக்கு எதையும் சொல்வதில்லை.

மூன்றாம் படி: ஸ்டீராய்டு

விவாதங்களில் மிகப் பழையதும் கூர்மையானதும் இதுதான், காத்திருக்க இடமே தராததும் இதுதான். காரணம் எளிது: டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, முதல் ஆன்டிபயாடிக்குக்குச் சற்று முன்போ அதனுடனோ போனால்தான் அதன் பயனுக்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆன்டிபயாடிக் பட்டுச் சிதையும் பாக்டீரியாவின் சுவர்த் துண்டுகள் உடலின் அழற்சியைக் கிளறிவிடுகின்றன. காது நரம்பையும் மூளையையும் கெடுப்பதில் அந்த அழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. அதை முன்கூட்டியே அடக்குவதுதான் ஸ்டீராய்டின் வேலை.

1988இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் டெக்சாமெத்தசோன் பெற்ற குழந்தைகளிடம் செவித்திறன் இழப்பு குறைந்தது. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரின் நோய்க்குக் காரணம் ஹிப் கிருமி. 2002இல் ஆப்பிரிக்காவின் மலாவியில் அறுநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் எந்தப் பயனும் தெரியவில்லை. அதே ஆண்டு ஐரோப்பாவில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வு, குறிப்பாக நிமோகாக்கஸ் நோயில், இறப்பைக் குறைத்ததாகக் காட்டியது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு, செவியிழப்பு குறைகிறது, மொத்த இறப்பு குறையவில்லை, வருமானம் குறைந்த நாடுகளில் பயன் காணப்படவில்லை என்று முடித்தது. 2025இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, கொள்ளைநோயாகப் பரவாத சூழலில் முதல் ஆன்டிபயாடிக்குடன் ஸ்டீராய்டைத் தொடங்கும் பக்கம் சாய்ந்தது.

அப்படியானால் வடசென்னை எந்தப் பக்கம் சேர்கிறது? வருமானத்தை வைத்து இதற்கு விடை தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மலாவிக் குழந்தைகளில் பலர் தாமதமாக வந்தவர்கள், ஊட்டச்சத்துக் குறைந்தவர்கள், எச்.ஐ.வி. தொற்றும் அவர்களிடையே பரவலாக இருந்தது. காசிமேட்டில் இன்று காலை காய்ச்சல் தொடங்கி மாலையில் வந்து சேர்கிற, நன்றாக வளர்ந்த குழந்தை அந்தக் குழந்தையைப் போன்றதன்று. ஐந்து நாள் சிரப் குடித்துவிட்டு ஆழ்ந்த மயக்கத்தில் வருகிற குழந்தை அதற்கு நெருக்கமானது. நான் பின்பற்றுவது இது: மூன்று மாதத்துக்கு மேற்பட்ட குழந்தை, நோய் வலுவாகச் சந்தேகிக்கப்படுகிறது, ஊசி வழி ஆன்டிபயாடிக் இன்னும் போகவில்லை என்றால், கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. நம் 12 கிலோ குழந்தைக்கு 1.8 மில்லிகிராம், ஒரு மில்லிக்கு 4 மில்லிகிராம் உள்ள வயலில் 0.45 மில்லி. இதைச் சிரிஞ்சில் எடுக்க அரை நிமிடம் போதும். காரணம் ஹிப் அல்லது நிமோகாக்கஸ் என்று உறுதியானால் இரண்டு முதல் நான்கு நாள் தொடரலாம். வைரஸ் என்று தெரிந்தால் நிறுத்திவிடலாம். ஆன்டிபயாடிக் போய்ச் சில மணி நேரம் ஆகிவிட்டாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கலாம் என்பாரும் உண்டு. அதற்கான ஆதாரம் மெலிதாகவே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நான் கொடுப்பதில்லை.

காசநோய் மூளையுறை அழற்சியை நம் ஊரில் மறக்கவே கூடாது. ஒரு வாரமாக மெல்ல மெல்ல மந்தமாகிவந்த குழந்தை, வீட்டில் தாத்தாவுக்கு நாள்பட்ட இருமல் என்றால், ஸ்டீராய்டு கொடுத்ததும் தெரிகிற தெளிவைப் பார்த்து நாம் ஏமாந்துபோகலாம். காசநோயிலும் ஸ்டீராய்டு சிகிச்சையின் பகுதிதான். ஆனால் காசநோய் மருந்துகள் உடன் இல்லாமல் அதை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது ஆபத்து.

ஸ்டீராய்டுக்கு மாற்றாகக் கிளிசராலை வாய்வழி கொடுக்கலாம் என்ற யோசனை 2007இல் லத்தீன் அமெரிக்க ஆய்வொன்றால் பரபரப்பானது. பின்னர் மலாவியில் குழந்தைகளுக்குப் பயன் தரவில்லை, பெரியவர்களுக்குத் தீங்கே செய்தது. அதை விட்டுவிடலாம்.

நான்காம் படி: முதுகுத்தண்டு நீர்

இங்கே விவாதம் பெரும்பாலும் குடும்பத்தோடு நடக்கிறது. ‘முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்’ என்று ஒரு பெரியம்மா சொல்லிவிட்டால் கையெழுத்து கிடைக்காது. அவருடைய அச்சத்தைத் தட்டிக்கழிக்காமல் உட்காரவைத்து விளக்குவது பலன் தரும். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே, இரு இடுப்பெலும்பு முனைகளையும் இணைக்கும் கோட்டை ஒட்டி. அங்கே நீரில் மிதக்கும் நரம்பிழைகள்தாம் இருக்கின்றன, அவை ஊசிக்கு விலகிக்கொடுக்கும். எலும்பில் ஊசி இறங்குவதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு எலும்புகளுக்கு இடைப்பட்ட சந்தில்தான் இறங்குகிறது என்று என் முதுகையே திருப்பிக் காட்டியிருக்கிறேன்.

நல்ல நீர் குடிதண்ணீர் போல இருக்கும். குழாயை நாளிதழ் எழுத்துக்கு முன் பிடித்தால் எழுத்து துல்லியமாகத் தெரிய வேண்டும். அரிசி களைந்த தண்ணீர் போல மங்கினால் ஆய்வக முடிவு வருமுன்பே பாதி விடை கிடைத்துவிட்டது. ஊசி போடுவதற்குச் சற்று முன்பே இரத்தச் சர்க்கரையைப் பார்த்திருக்க வேண்டும். நீரின் சர்க்கரை அதில் பாதிக்கும் குறைவு என்றால் ஐயப்படலாம். கல்ச்சருக்கான குழாயை ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். நிமோகாக்கஸும் மெனிங்கோகாக்கஸும் குளிரில் சாகும். சட்டைப் பையில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

ஆன்டிபயாடிக் போன பிறகு ஊசி போடுவதால் பயனில்லை என்று சிலர் கைவிட்டுவிடுகிறார்கள். மெனிங்கோகாக்கஸ் இரண்டு மணி நேரத்தில் நீரிலிருந்து மறையலாம், நிமோகாக்கஸ் நான்கு மணி நேரத்திலிருந்து மறையத் தொடங்கும். எனினும் வெள்ளணுக்களும் புரதமும் நாள்கணக்கில் மாறியே இருக்கும், பி.சி.ஆர். பரிசோதனை செத்த கிருமியின் மரபணுவையும் காட்டிக்கொடுக்கும். தாமதமானாலும் எடுப்பதே சரி.

நீர் தெளிவாக இருந்து குழந்தை மட்டும் மயங்கியே இருந்தால் ஹெர்பிஸ் வைரஸ் மூளை அழற்சியையும், மணலி, மாதவரம் பக்கத்துப் புதர்க்காட்டு வீடுகளிலிருந்து வரும் குழந்தை என்றால் சிற்றுண்ணிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலையும் நினைக்க வேண்டும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் சிகரெட் சுட்டது போன்ற கரும்புண் இருக்கிறதா என்று உடையைக் கழற்றிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: ஒன்றா, இரண்டா

செஃப்ட்ரியாக்சோன் மட்டும் போதுமா, வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் சேர்ப்பதா என்பது ஊருக்கு ஊர் மாறும் விடை. பிரிட்டிஷ் வழிகாட்டி பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றே போதும் என்றது. 2004ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டி இரண்டையும் தொடங்கச் சொன்னது. நிமோகாக்கஸ் எந்த அளவுக்கு மருந்துக்குப் பணியாமல் போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது இது. மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் சிரப் கேட்டதும் கிடைக்கிற ஊரில், மோசமான நிலையில் வரும் குழந்தைக்கு இரண்டையும் தொடங்கி, 48 முதல் 72 மணி நேரத்தில் கல்ச்சர் வந்ததும் தேவையற்றதை நிறுத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது. தொடங்குவதற்குக் காட்டும் வேகம் நிறுத்துவதற்கு வருவதில்லை என்பது தனிக் கவலை. வான்கோமைசின் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் மெல்ல ஏற்ற வேண்டும். தனியாக ஒருபோதும் நம்பக் கூடாது. ஸ்டீராய்டு அதை மூளையுறை நீருக்குள் இறங்கவிடாமல் சற்றுத் தடுக்கவும் செய்யும்.

பச்சிளம் குழந்தைகளின் கதை வேறு. அங்கே ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் முன்னிற்கின்றன, மருத்துவமனைக்குள் தொற்றியவை பல மருந்துகளுக்கு அடங்குவதில்லை. கால்சியம் டிரிப்ஸ் போகும் பச்சிளம் குழந்தைக்குச் செஃப்ட்ரியாக்சோன் கூடாது. மஞ்சள் காமாலை இருந்தாலும் தவிர்க்க வேண்டும். செஃபோடாக்சிமோ, அந்தப் பிரிவின் கல்ச்சர் வரலாறு சொன்னால் மெரோபெனெமோ தேவைப்படும்.

ஆறாம் படி: டிரிப்ஸும் தலை அழுத்தமும்

மூளை வீக்கத்துக்குப் பயந்து நீரை மூன்றில் இரண்டு பங்காகக் குறைப்பது ஒரு காலத்தில் எழுதாத சட்டமாக இருந்தது. சண்டிகரிலும் பாப்புவா நியூகினியிலும் நடந்த ஆய்வுகள் அப்படிக் குறைப்பதால் நன்மையைக் காட்டவில்லை. தாமதமாக வந்து, வாந்தியில் வற்றிப்போன குழந்தைக்கு அது கெடுதலே செய்யும். இயல்பான அளவு, அதாவது 12 கிலோ குழந்தைக்கு நாளொன்றுக்கு 1100 மில்லி, சோடியம் நிறைந்த சலைனுடன் டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்துப் போதும். சோடியத்தை நாள்தோறும் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். செஃப்ட்ரியாக்சோன் போகும் குழாயில் ரிங்கர் லாக்டேட்டைச் சேர்க்க வேண்டாம். தலைமாட்டை 30 பாகை உயர்த்தி, கழுத்தை நேராக வைத்து, வலிப்பையும் காய்ச்சலையும் அடக்குங்கள். அதற்கும் மேல், தலை அழுத்தத்தைக் குறைக்க மானிட்டாலா, 3 சதவீத சலைனா என்று தேடுகிற நிலை வந்துவிட்டால் அந்தக் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க வேண்டும்.

ஏழாம் படி: எத்தனை நாள்

இந்த விவாதம் ஐந்தாம் நாள் வரை காத்திருக்கும். மெனிங்கோகாக்கஸுக்கு 7 நாள், ஹிப் கிருமிக்கு 7 முதல் 10, நிமோகாக்கஸுக்கு 10 முதல் 14, பச்சிளம் குழந்தையின் ஈ. கோலை போன்றவற்றுக்குக் குறைந்தது 21 என்பது வழக்கம். 2011இல் வங்கதேசம், பாகிஸ்தான், எகிப்து, மலாவி, வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகளில் 1004 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, ஐந்தாம் நாளில் நிலை தேறிய குழந்தைகளுக்கு அதோடு நிறுத்தியதற்கும் பத்து நாள் தொடர்ந்ததற்கும் வேறுபாடு இல்லை என்று காட்டியது. மீன்பிடித் துறைமுகத்தில் நாள்கூலிக்குப் போகும் தந்தைக்கு ஐந்து நாள் கூலி சிறிய தொகையன்று என்பதால் இந்த முடிவை நான் அலட்சியம் செய்வதில்லை. ஆனால் அந்த ஆய்வில் பச்சிளம் குழந்தைகள் இல்லை. ஐந்தாம் நாளிலும் காய்ச்சல் விடாதவர்களும், நினைவு தெளியாதவர்களும் அதன் முடிவுக்குள் வரமாட்டார்கள். நன்றாகத் தேறிய குழந்தைக்கு ஏழு நாள், நிமோகாக்கஸ் உறுதியானால் பத்து நாள் என்று வைத்திருக்கிறேன். இறுதிச் சில நாள்களை, வீடு அருகில் இருந்தால், தினம் ஒருவேளை வந்து செஃப்ட்ரியாக்சோன் போட்டுக்கொண்டு போகச் சொல்வதுண்டு. காய்ச்சல் திரும்பினாலோ தலைச் சுற்றளவு கூடினாலோ தலைக்குள் நீரோ சீழோ கட்டியிருக்கிறதா என்று பார்க்கும் இடம் இது. அப்போதுதான் ஸ்கேனுக்கு உண்மையான வேலை.

எட்டாம் படி: காது

செவிப் பரிசோதனை வேண்டுமா என்பதில் விவாதமே இல்லை. ஆயினும் டிஸ்சார்ஜ் சீட்டில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுதான். ‘கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான்’ என்று தாய் சொல்வதை வைத்து முடிவெடுக்க இயலாது. கண்ணால் பார்த்தும் காலடி அதிர்வை உணர்ந்தும் குழந்தை திரும்பும், ஒரு காது மட்டும் போயிருந்தால் யாருக்கும் தெரியாது. ஒலி காது நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று காட்டும் பெரா பரிசோதனையை வீட்டுக்கு அனுப்புமுன், தவறினால் நான்கு வாரத்துக்குள், செய்துவிட வேண்டும். அவசரத்துக்குக் காரணம், அழற்சி தணிந்த சில வாரங்களிலிருந்து உட்செவியின் நத்தைச் சுருள் எலும்பாக இறுகத் தொடங்கலாம். இறுகிவிட்டால், கேட்காத காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் கருவியின் மின்கம்பி முழுதாக உள்ளே போகாது. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சை உண்டு என்பதைச் சீட்டிலேயே எழுதிக்கொடுக்கலாம்.

ஸ்கேனுக்காகக் காத்திருந்த அந்த இரண்டு வயதுக் குழந்தை பிழைத்தது, நடந்தது, சிரித்தது. ஓராண்டுக்கு மேல் கழித்து, ‘பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை மறந்துவிட்டது’ என்று அழைத்துவந்தபோதுதான் இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்தது. அதன் பிறகு நான் எழுதும் ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சீட்டிலும் முதல் வரி பெரா பரிசோதனையின் தேதி. மருந்துகள் அதற்குக் கீழேதான்.